ஷ்னாபெலின் உடைந்த தட்டுகளும் தைத்த கண்ணிமையும்

ஜூலியன் ஷ்னாபெல் என்று சொன்னால் உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் உடனே ‘தி டைவிங் பெல் அண்ட் த பட்டர்ஃப்ளை’ என்பார்கள். 2007இல் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த படம். ஓவியம் பக்கம் போகிறவர்களிடம் அதே பெயரைச் சொன்னால், சாப்பாட்டுத் தட்டுகளை உடைத்துப் பலகையில் ஒட்டி அதன்மேல் வரைந்தாரே, அந்த ஆள்தானே என்பார்கள். இந்தக் கூட்டம் அவர் படங்களைக் கண்டுகொள்வதில்லை, அந்தக் கூட்டம் அவர் ஓவியங்களைக் கண்டுகொள்வதில்லை. நான் கொஞ்ச காலமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்கப் பார்க்க ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. கையில் தூரிகை இருந்தாலும் கேமரா இருந்தாலும் இவர் செய்கிற வேலை ஒன்றுதான். நமக்கும் நாம் பார்க்க ஆசைப்படுகிற உருவத்துக்கும் நடுவில் எதையாவது கொண்டுவந்து வைக்கிறார், வைத்துவிட்டு அதன் வழியாகவே பார்க்கச் சொல்கிறார்.

முதலில் தட்டுகள்.

1951இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பம் டெக்சஸின் தெற்குக் கோடியில் இருக்கும் பிரவுன்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து முடித்தபிறகு, விட்னி அருங்காட்சியகம் நடத்தும் இளம் கலைஞர்களுக்கான திட்டத்துக்கு விண்ணப்பித்தார். தன் ஓவியங்களின் ஸ்லைடுகளை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு நியூயார்க் உணவகங்களில் சமையல்காரராக வேலை பார்த்தார். அப்படிப்பட்டவர் பின்னாளில் தட்டைக் கையில் எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அவர் சொல்லும் காரணம் வேறு, பார்சிலோனா.

1978இல் அங்கே போயிருந்தபோது கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியின் வேலைகளைப் பார்க்கிறார். அங்கே அவர் வடிவமைத்த குவெல் பூங்காவின் வளைந்து வளைந்து போகும் இருக்கைகளில், உடைந்த ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்து இழைத்திருப்பார்கள். தங்கியிருந்த ஓட்டல் அறையில் இருந்த அலமாரி அளவுக்கு ஒரு ஓவியம் செய்து, அதை முழுக்க உடைந்த தட்டுகளால் மூடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நியூயார்க் திரும்பி வந்து செய்தும்விட்டார். ‘தி பேஷண்ட்ஸ் அண்ட் த டாக்டர்ஸ்’ என்று பெயர். சுமார் 8 அடி உயரம், 9 அடி அகலம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கௌடியின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்து வழவழப்பான ஒரு பரப்பாகிவிடும். தொட்டுத் தடவிக்கொண்டே போகலாம். ஷ்னாபெல் வேண்டுமென்றே பொருந்தாமல் ஒட்டினார். கனமான மரப்பலகை, அதன்மேல் போண்டோ. போண்டோ என்பது அடிபட்ட காரின் நெளிவை நிரப்ப டிங்கரிங் பட்டறையில் போடுகிற பட்டிதான், அமெரிக்காவில் அந்தப் பெயரில் டப்பாவில் விற்கிறார்கள். அந்தப் பட்டியில் தட்டுகளும் கோப்பைகளும் அப்பப்பட்டிருக்கும். சிலது முழுசாக, சிலது பாதியாக, சிலது விளிம்பை வெளியே நீட்டிக்கொண்டு. அதெல்லாம் இறுகியபிறகு அதன்மேல் எண்ணெய் வண்ணம்.

இனி அந்தப் பரப்பில் ஒரு மூக்கு வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரிகையை வைத்து மேலிருந்து கீழே இழுக்கிறீர்கள். நாலு அங்குலம் போவதற்குள் ஒரு தட்டின் விளிம்பு குறுக்கே வரும், தூரிகை எகிறும். அடுத்து ஒரு பள்ளம், அங்கே வண்ணம் பட்டியின்மேல் விழும். அதற்கு அடுத்து ஒரு கோப்பையின் குழிந்த உட்புறம், கோடு அதற்குள் வளைந்து போய்விடும். நினைத்த கோடு ஒருநாளும் வராது. கையின் சாமர்த்தியத்தைக் காட்டவே முடியாத ஒரு தளத்தைத் தனக்குத்தானே செய்துகொண்டு அதன்மேல் வரைகிறார். போதாததற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு விளிம்பும் ஒரு நிழலைப் போடும், அந்த நிழல்களும் கோடுகளாகச் சேர்ந்துகொள்ளும். கிட்டத்தில் நின்றால் முகம் கிடையாது, ஒரு வெள்ளைத் துண்டு, அதில் ஒரு பச்சைத் தீற்றல், பக்கத்தில் பழுப்பு, அவ்வளவுதான், சுத்தமான அரூப ஓவியம். பின்னால் நகர நகர ஒரு ஆள் வந்து உட்காருவார். அரூபமா உருவமா என்று எழுபதுகளில் நியூயார்க்கில் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஓவியம் வரைவதே செத்துப்போன தொழில் என்று சொன்னவர்களும் உண்டு. இவர் அந்தக் கேள்விக்குப் பதிலை நாம் நிற்கிற தூரத்திடம் விட்டுவிட்டார். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகவே படுகிறது.

1979இல் மேரி பூன் கேலரியில் தனிக் கண்காட்சி, 1981இல் மேரி பூனும் இன்னொரு கேலரிக்காரரான லியோ காஸ்டெல்லியும் சேர்ந்து நடத்திய கண்காட்சி என்று கிடுகிடுவென்று ஏறினார். 1983இல் ஒரு தட்டு ஓவியம் ஏலத்தில் 93,500 டாலருக்குப் போனது, அன்றைக்கு முப்பது வயதைத் தாண்டிய ஒரு ஓவியருக்கு அது மயக்கம் வரவைக்கும் தொகை. பணம் வந்தால் கூடவே வசையும் வரும். ராபர்ட் ஹ்யூஸ் போன்ற விமர்சகர்கள் கடைசிவரை இவரை மன்னிக்கவில்லை. சரக்கு குறைவு, ஆர்ப்பாட்டம் அதிகம் என்பதுதான் சுருக்கமாக அவர்கள் குற்றச்சாட்டு. ஷ்னாபெலும் தன்னைப் பற்றி அடக்கமாகப் பேசிப் பழகியவர் இல்லை. அந்தக் காலத்துக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் தட்டுகளை வெறும் வித்தை என்று தள்ளியது அநியாயம். வித்தை என்றால் ஒருமுறை பார்த்ததும் தீர்ந்துபோக வேண்டும். இது தீரவில்லை, அவரே நாற்பது வருடம் கழித்தும் அதற்குத் திரும்பி வந்திருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தட்டோடு நிற்கவில்லை. வெல்வெட் துணியில் வரைந்தார். கூடாரத்துக்கும் லாரிக்கும் போடுகிற தார்ப்பாயில் வரைந்தார். ஜப்பானிய கபுகி நாடக மேடையின் பழைய பின்திரைகளை வாங்கி, அதில் ஏற்கெனவே இருந்த காட்சிகளின்மேல் வரைந்தார். நைல் நதியில் ஓடுகிற படகுகளின் பாயை வாங்கிவந்து, ஜேன் பர்க்கின் என்ற நடிகையின் பெயரில் 1990இல் ஒரு வரிசை செய்தார். காற்றில் பல வருடம் அடிபட்ட துணி, தையலும் ஒட்டும் கறையும் அப்படியே இருக்கும். சமீபத்தில், மெக்சிகோவில் பழக்கடைகளுக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்த துணிகளை வாங்கி அதில் வரைந்து 2020இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். வெயிலில் வெளுத்து ஒருவித இளஞ்சிவப்பாக மாறியிருந்த துணி. அந்த நிறத்தைக் குழாயிலிருந்து பிதுக்கி எடுக்க முடியாது, அதற்குப் பல வருட வெயில் வேண்டும். லாங் ஐலண்டின் கோடியில் மொண்டாக் என்ற இடத்தில் அவருடைய பட்டறைக்குக் கூரையே கிடையாது, நாலு சுவர் மட்டும். மழையும் வெயிலும் கூடவே வேலை செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இந்தப் பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒன்றுகூட வெற்றுப் பரப்பு இல்லை. எல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்தவை. அதில் பாதி வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, இவர் மீதியைச் செய்கிறார்.

வெல்வெட்டில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், 1982இல் வரைந்த, பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் உருவப்படம். 1968இல் வார்ஹோல் சுடப்பட்டார், பிழைத்தார், ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுக்க வயிற்றைச் சுற்றி ஒரு மருத்துவக் கச்சை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஷ்னாபெல் அவரைச் சட்டையில்லாமல், அந்தக் கச்சையோடு நிற்கவைத்து வரைந்திருக்கிறார். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் அந்த இருட்டில் வெளிறிய உடம்பு மட்டும் மிதக்கும், இப்போதோ அப்போதோ உள்ளே போய்விடும் போலிருக்கும். மலிவான சந்தைப் படங்கள் வரைகிற துணி என்று மற்ற ஓவியர்கள் தொடவே தயங்கிய வெல்வெட்டை, எவ்வளவு சரியான ஆளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார் பாருங்கள்.

அதே வார்ஹோல் 1996இல் இவருடைய முதல் படத்தில் வருகிறார், பாடகர் டேவிட் போவி உருவத்தில். ‘பாஸ்கியா’ என்ற அந்தப் படத்துக்காக, வார்ஹோல் உண்மையில் அணிந்திருந்த விக்கை பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கி போவிக்கு வைத்தார்கள். உழைத்த பொருளை எடுத்துவந்து அதன்மேல் வேலை செய்வது என்பது இங்கேயும் தொடர்கிறது. படம், 27 வயதில் இறந்துபோன ஓவியர் ஜான்-மிஷெல் பாஸ்கியாவைப் பற்றியது. அவருடைய அசல் ஓவியங்களைக் காட்டக் குடும்பத்தின் அனுமதி கிடைக்காததால், ஷ்னாபெலும் உதவியாளர்களும் அந்தப் பாணியிலேயே வரைந்து படத்தில் வைத்தார்கள். இந்தப் படத்தின்மேல் எனக்குக் குறை உண்டு. தன்னையே மாதிரியாக வைத்து ஒரு ஓவியர் பாத்திரத்தை உருவாக்கி அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பெருந்தன்மையைக் கொடுத்துவிட்டார், அந்த நேரத்தை பாஸ்கியாவுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு இடம் இருக்கிறது. தெருவில் நடந்துகொண்டிருக்கும் பாஸ்கியா நிமிர்ந்து பார்க்கிறார், கட்டடங்களுக்கு மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் கடல் அலை, அதில் ஒருவன் சர்ஃபிங் செய்துகொண்டிருக்கிறான். விளக்கம் எதுவும் கிடையாது. நாடகத் திரையின்மேல் தன் உருவத்தை வரைந்தவர் நியூயார்க்கின்மேல் ஒரு கடலை ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

சினிமா அவருக்குத் திடீரென்று வந்த ஆசையும் இல்லை. 1978இலேயே, தட்டுகளை ஒட்டிய அதே வருடம், இத்தாலிய இயக்குநர் பசோலினியின் முதல் படமான ‘அக்காத்தோனே’யின் பெயரை ஒரு ஓவியத்துக்கு வைத்திருக்கிறார். ‘பாஸ்கியா’வுக்குப் பின் கியூபக் கவிஞர் ரெய்னால்டோ அரேனாஸ் பற்றி ‘பிஃபோர் நைட் ஃபால்ஸ்’ வந்தது, ஹாவியர் பார்டெம் அதில் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். அதைத் தாண்டி நான் நேராக 2007க்கு, ‘டைவிங் பெல்’லுக்குப் போகிறேன்.

ஜான்-டொமினிக் போபி பிரான்சில் ‘எல்’ பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பரில் பக்கவாதம் தாக்கி உடம்பு முழுவதும் செயலிழந்தது. இடது கண்ணிமை ஒன்றுதான் அசையும். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்தி ஒருவர் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போவார், வேண்டிய எழுத்து வரும்போது இவர் இமைப்பார். இப்படி எழுத்து எழுத்தாக ஒரு புத்தகமே எழுதினார், 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார்.

படத்தின் தொடக்கத்தில் ரொம்ப நேரம் நாம் போபியைப் பார்க்கவே மாட்டோம், அவர் கண்ணாக இருப்போம். மருத்துவர் முகம் அளவுக்கு மீறிக் கிட்டே வரும், பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விடும், மங்கும், இமை விழும்போது எல்லாம் இருண்டு திரும்ப வரும். வலது கண் மூட முடியாமல் உலர்ந்துபோகிறது என்பதால் அதைத் தைத்துவிட முடிவெடுப்பார்கள். தையலை நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம். ஊசி உள்ளே வருகிறது, நூல் இழுபடுகிறது, சதையின் சிவப்பான வெளிச்சம் கோடு கோடாகக் குறைந்து மூடிக்கொள்கிறது. ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கியும் இவரும் லென்சின்மேல் லேடெக்ஸ் ரப்பர் தோலை இழுத்து மூடி அதையே தைத்து எடுத்த காட்சி இது. கம்ப்யூட்டரில் பின்னால் செய்துகொள்ளலாம் என்று நினைக்காமல், கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவில் உண்மையிலேயே ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தட்டு ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

ரொனால்ட் ஹார்வுட் ஆங்கிலத்தில் எழுதிய திரைக்கதை அது. பிரெஞ்சில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று, போபி இருந்த பெர்க் நகரத்துக் கடற்கரை மருத்துவமனையிலேயே போய் எடுத்தார். தன் அப்பா கடைசிக் காலத்தில் சாவுக்கு ரொம்பப் பயந்தார், அந்தப் பயத்தைப் போக்கத் தன்னால் முடியவில்லை, அந்த நினைப்பில்தான் இந்தப் படத்தை எடுத்தேன் என்று ஷ்னாபெல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் முழுக்க ஓடுகிற மென்மைக்கு எனக்கு அதுதான் காரணமாகத் தெரிகிறது.

அப்புறம் அந்த எக்ஸ்ரேக்கள். படத்தின் டைட்டில் எழுத்துகள் ஓடும்போது பின்னால் பழைய எக்ஸ்ரே படங்கள் வரும், கை எலும்பு, இடுப்பு, முதுகெலும்பு. படப்பிடிப்புச் சமயத்தில் பெர்க்கில் ஒரு வீட்டில், 1911ஆம் ஆண்டைச் சேர்ந்த எக்ஸ்ரேக்கள் இவர் கையில் கிடைத்திருக்கின்றன. நாமாக இருந்தால் படத்தில் பயன்படுத்திவிட்டு அதோடு மறந்திருப்போம். இவர் அவற்றை ஆளுயரத்துக்கும் மேலே பெரிதாக்கித் துணியில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணத்தை ஊற்றி ஒரு ஓவிய வரிசையே செய்துவிட்டார். யாருடைய விலா எலும்போ, நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நோவுக்காக எடுத்தது. சினிமாவுக்காகத் தேடப்போன இடத்தில் ஓவியத்துக்கான தளம் கிடைத்திருக்கிறது. அவருடைய அரூப வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரிசைதான். எலும்பின் சாம்பல் நிறமும் மேலே சிந்திய வண்ணமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன.

எல்லா வேலையும் இந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அளவை மட்டுமே நம்பி நிற்கிற ஓவியங்களும் நிறைய உண்டு. 20 அடி தார்ப்பாயில் நாலு எழுத்தும் ஒரு வெள்ளைத் தீற்றலும் இருக்கும், அதைச் சின்னதாக்கினால் எதுவும் மிஞ்சாது. ஒரு பழைய துணி தானே அழகாக இருக்கும்போது அதைச் சும்மா விட்டுவிடுவது ஒரு முடிவு என்று அவர் நினைக்கிறார். சில சமயம் அது சரியாக அமைகிறது, சில சமயம் சோம்பலாகத் தெரிகிறது.

2018இல் ‘அட் இடர்னிட்டிஸ் கேட்’, வான்கோவின் கடைசி வருடங்கள். வில்லெம் டஃபோவுக்கு ஓவியம் வரைய ஷ்னாபெலே கற்றுக்கொடுத்தார். படத்தில் டஃபோ தன் பழைய பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் பார்த்து வரைகிற இடத்தில் தூரிகை பிடித்திருப்பது டஃபோவின் கைதான், வெறும் துணியில் கோடு விழுந்து விழுந்து பூட்சாக மாறுவதைக் கூடவே இருந்து பார்க்கலாம். ஓவியர்களைப் பற்றிய எத்தனையோ படங்களில் நடிகர் தூரிகையை ஆட்டுவார், அடுத்த காட்சியில் ஓவியம் தயாராக இருக்கும். இங்கே அந்த ஏமாற்று வேலை இல்லை. வான்கோவின் கண்ணால் பார்க்கும் காட்சிகளில் திரையின் கீழ்ப்பாதி மட்டும் கலங்கி மங்கலாக இருக்கும், மேல்பாதி தெளிவு. மேலும் கீழும் வேறு வேறு பவர் இருக்கும் பைஃபோகல் மூக்குக்கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுபடியும் நடுவில் ஒரு கண்ணாடி. சிலருக்கு அது தலைவலியாக இருந்தது என்று படித்தேன். எனக்கு, கண்ணீரோடு ஒரு வயலில் நடந்துபோகிற மாதிரி இருந்தது.

இந்தப் படத்தின் வேர் தட்டுகளில்தான் இருக்கிறது. பிரான்சின் ஓவேர் கிராமத்தில் வான்கோவின் கல்லறைக்குப் பக்கத்தில் பூத்திருந்த ரோஜாக்களைப் பார்த்துவிட்டு வந்து, உடைந்த தட்டுகளின்மேல் ரோஜா ஓவியங்களாக ஒரு வரிசை செய்தார். அதற்குப் பின்னால்தான் படம். படம் முடிந்தபின் திரும்பத் தட்டுகளுக்கே போய், வான்கோவின் சுய உருவப்படங்களைத் தட்டுத் துண்டுகளின்மேல் வரைந்தார். அதில் ஒன்றில் இருக்கும் முகம் டஃபோவுடையது. கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்த வான்கோ, அவரைப் போல நடித்த ஒரு நடிகர், அந்த நடிகரைக் கேமராவில் பார்த்த ஒரு ஓவியர், கடைசியில் உடைந்த பீங்கான். இத்தனை அடுக்கையும் தாண்டி அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கின்றன, அதுவும் வேறு வேறு ஆழத்தில் ஒட்டிய இரண்டு துண்டுகளிலிருந்து.

இவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் ‘டைவிங் பெல்’லிலிருந்து ஆரம்பியுங்கள், போனில் வேண்டாம், இருப்பதிலேயே பெரிய திரையில். ஓவியங்களுக்கு இணையத்தில் தேடும்போது நேரே முன்னாலிருந்து எடுத்த படங்களோடு நின்றுவிடாதீர்கள், அதில் எல்லாம் தட்டையாகிவிடும். கண்காட்சிக் கூடத்தில் பக்கவாட்டில் நின்று எடுத்த படங்கள் கிடைக்கும், அதில்தான் தட்டின் விளிம்பு சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். ‘பாஸ்கியா’வைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.